14 நாள், பிறகு இன்னொரு 14 நாள்: யாழ்ப்பாணத்து மறியலின் கதை

யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் நாள் தவறாமல் ஒரு வசனம் வரும். "சந்தேக நபரை எதிர்வரும் 14 நாட்களுக்கு விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்." ஊரும் பெயரும் மாறும். கசிப்பு, வாள்வெட்டு, ஐஸ் போதைப்பொருள், கள்ள மணல் என்று குற்றமும் மாறும். வசனம் மட்டும் மாறாது. காலைத் தேத்தண்ணியோடு வாசித்துவிட்டு, "சரி, உள்ளுக்குப் போட்டாச்சு" என்று பேப்பரை மடித்து வைக்கிறோம். எங்கள் மனதில் வழக்கு அதோடு முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அது இன்னும் தொடங்கவே இல்லை.

குற்றம் நிரூபிக்கப்படாத ஆள் ஏன் உள்ளே இருக்கிறார், எவ்வளவு காலம் இருக்கிறார், இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கிளறிப் பார்த்தால் கதை கோட்டை மதில் வரைக்கும் போகிறது. அதற்கு முதல் ஒரு சொல்லைப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் மறியல் என்றால் ரோட்டை மறித்து இருப்பது. எங்களுக்கு அது சிறை. 'மறியலுக்குப் போனவன்' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. சொல்லின் வேர் மறித்தல்தான்: ஆளைப் போகவிடாமல் தடுத்து வைப்பது. அதற்குள் தண்டனை என்ற பொருளே இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவர், திருப்பித் தராமல் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிபவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவாராம். காசைக் கொடுக்கும் வரை, அல்லது பொறுப்பான பிணை காட்டும் வரை கடனாளி அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தலை போகும். குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வியாபாரி இப்படி மறித்ததைப் பார்த்ததாகவும் சொல்கிறார். அரசன் குதிரையோடு நின்று, கடன் தீர்ந்த பிறகுதான் நகர்ந்தானாம். மறியல், பிணை இரண்டும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: சிறைக்கட்டடம்.

கட்டடம் அந்நியரோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் அதைப் பறித்த ஒல்லாந்தர் ஐந்து முனைக் கோட்டையாகத் திருத்தி எழுப்பினார்கள். நீதி வழங்கும் சபைகளை ஒல்லாந்தர் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்று மூன்று இடங்களில் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுத்ததும் அவர்கள்தான். ஆனால் அது பெரும்பாலும் காணி, சீதனம், ஈடு, முதுசம் பற்றியது. கொலைக்கும் களவுக்கும் ஒல்லாந்தர் பயன்படுத்தியது தங்கள் நாட்டுச் சட்டத்தை. அந்தச் சட்டத்தில் தண்டனை உடம்பின் மேல் விழும்: கசையடி, சூடு, சங்கிலியில் வேலை, தூக்கு, சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கச் சித்திரவதை செய்வதும் அந்த நாள் விசாரணை முறையில் ஒரு படி. இத்தனைக்கும் நடுவில் சிறைக்கு இருந்த வேலை, தீர்ப்பு வரும் வரைக்கும், வந்த தீர்ப்பை நிறைவேற்றும் வரைக்கும் ஆளை மறித்து வைப்பதுதான். ஒல்லாந்தர் காலத்துப் பூதத்தம்பியின் கதையைக் கூத்தில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சதிக்குற்றம் சாட்டப்பட்டு உள்ளே போகிறவர் அங்கே வருடக்கணக்கில் இருப்பதில்லை. உயிரோடு விடுவார்கள், அல்லது உயிரை எடுப்பார்கள்.

1799 செப்டெம்பர் 23இல் ஆங்கிலேயர் வெளியிட்ட பிரகடனம் சித்திரவதையையும் சக்கரத்தில் முறிக்கும் தண்டனையையும் நிறுத்தியது. பிறகுதான் சிறையே தண்டனையானது. இத்தனை வருடம் உள்ளே இருப்பதுதான் நீ கொடுக்கும் விலை என்ற கணக்கு அந்தக் காலத்தில் புதுசு. 1841இல் கொழும்பில் வெலிக்கடைச் சிறை எழுந்தது. சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877இலும் இந்தியச் சட்டக்கோவையைப் பார்த்து எழுதிய தண்டனைச் சட்டக்கோவை 1883இலும் வந்தன. இரண்டும் திருத்தங்களோடு இன்றுவரை ஓடுகின்றன. 1905 வரைக்கும் சிறையும் பொலிஸும் ஒரே நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. கசையடி மட்டும் கனகாலம் ஒட்டிக்கொண்டிருந்து, 2005இல்தான் சட்டத்தை விட்டுப் போனது.

யாழ்ப்பாணத்தின் மறியல் கோட்டைக்குள்ளேயே இருந்தது. முருகைக்கல் மதில், பக்கத்தில் கடல்நீரேரி, இடையில் அகழி. ஓடித் தப்ப வழியில்லை. ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கடற்கோட்டையும் சிறையாக இருந்திருக்கிறது. இன்று அங்கே கடற்படை உல்லாச விடுதி நடத்துகிறது. ஒருகாலத்தில் ஆளை மறித்து வைத்த அறையில் இப்போது காசு கொடுத்துப் படுக்கலாம். போக எனக்கு மனம் வரவில்லை.

1971 மார்ச்சில் கைதான ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீரவைக் கொண்டுவந்து அடைத்ததும் யாழ்ப்பாணச் சிறையில்தான். ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தபோது அவரை மீட்க வந்தவர்கள் தோற்றுப்போனார்கள். அரசு அவரை ஏன் இங்கே அனுப்பியது என்று யோசித்தால் சிறையின் இன்னொரு வேலை தெரியும்: தூரப்படுத்துவது. யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் சங்கிலியனைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் இந்தக் கணக்குத்தான். தெற்கின் கிளர்ச்சிக்காரரை வடக்குக்கு அனுப்பிய அதே அரசு, பத்து வருடம் போவதற்குள் வடக்கின் இளைஞர்களைத் தெற்குக்கு அனுப்பத் தொடங்கியது. வெலிக்கடை, மகசின், பூசா, களுத்துறை என்ற பெயர்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். சிங்களம் தெரியாத தாய்மார் அந்த ஊர்களுக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் 35 பேர், இரண்டாம் நாள் 18 பேர். டெலோ இயக்கத்தின் தங்கத்துரை, குட்டிமணி போல தீர்ப்புப் பெற்றவர்களும் இருந்தார்கள்; இன்னும் தீர்ப்பே வராதவர்களும் இருந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இதே மாதிரி இன்னொன்று. அரசு மறித்து வைத்த ஆளின் உயிருக்கு அரசுதான் பொறுப்பு என்ற சாதாரண விதி இங்கே எத்தனை தடவை உடைந்தது என்பதற்கு இவை சாட்சி. தெற்கிலும் அது உடைந்திருக்கிறது: 2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 பேர், 2020 நவம்பரில் மஹரவில் 11 பேர்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் எழுதாமல் விட்டால் கட்டுரை கோணலாகிவிடும். எண்பதுகளின் நடுவில் ஆயுத இயக்கங்கள் 'சமூக விரோதி' என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, மின்கம்பத்தில் கட்டிச் சுட்டன. பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அங்கே பிணையும் இல்லை, தவணையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. தொண்ணூறுகளில் புலிகள் பொலிஸ், நீதிமன்றம், தமிழில் சட்டக்கோவை எல்லாம் உண்டாக்கினார்கள். காணி வழக்கு கெதியாக முடிந்ததை இன்றும் மெச்சுகிறவர்கள் உண்டு. அதே காலத்தில் அவர்களுடைய பங்கருக்குள் அடைபட்டிருந்தவர்களின் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை. புலிகளின் சிறைமுகாம் இருந்த துணுக்காய் என்ற பெயரைக் கேட்டாலே பேச்சை நிறுத்துகிற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன.

சரி, இன்றைய மறியலுக்கு வருவோம். கோட்டை போரில் சிதைந்தது. சிறை இப்போது பண்ணையில் இருக்கிறது, பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே இருப்பது யார் என்பதுதான் கேள்வி. நாடு முழுக்கச் சிறைகளில் ஏறத்தாழ 12,000 பேருக்கே இடம். அண்மை வருடங்களில் இருப்போர் தொகை 30,000ஐ ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. 2023 டிசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் நடவடிக்கையில் அள்ளிக்கொண்டு போனவர்களால் நெரிசல் இன்னும் கூடியது. மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறை ஆய்வு இந்த நெரிசலை விலாவாரியாக எழுதியிருக்கிறது. ஆனால் நெரிசலைவிட முக்கியமான இலக்கம் வேறொன்று. உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விளக்கமறியல் கைதிகள். தீர்ப்பு இன்னும் வராதவர்கள். ஒல்லாந்தர் காலத்துச் சிறை செய்த வேலையை, தீர்ப்பு வரும்வரை ஆளை மறித்து வைக்கும் வேலையை, இன்றைய சிறை திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம், அப்போது கெதியாக முடிந்தது.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் இப்படி நடக்கக்கூடாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. வழக்கு முடியாமல் 12 மாதத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்கக்கூடாது என்கிறது. மேல் நீதிமன்றம் அதை நீடிக்கவும் வழி விடுகிறது. ஆனால் போதைப்பொருள், பயங்கரவாதத் தடை போன்ற தனிச் சட்டங்களுக்கு வேறு விதி. எங்கள் பக்கத்தில் நிறைய வழக்குகள் அந்த விலக்குகளுக்குள்தான் விழுகின்றன. போதைப்பொருள் வழக்கென்றால் பிடித்த பொருள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போகவேண்டும், அறிக்கை திரும்பி வரவேண்டும். பெரிய வழக்குகளில் அதன் பிறகு கோவை கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகவேண்டும், குற்றப்பத்திரிகை வரவேண்டும். கடதாசி பயணம் செய்கிறது. ஆள் இருந்த இடத்திலேயே இருக்கிறார். 14 நாளுக்கு ஒரு தடவை வண்டியில் ஏற்றி வந்து, பெயரைக் கூப்பிட்டு, திகதி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

பிணை கிடைத்தாலும் வெளியே வரலாம் என்று நினைக்க வேண்டாம். கோயில் திருவிழாவில் நடந்த ஒரு அடிபாட்டில் மாட்டிய சொந்தக்காரப் பையனுக்குப் பிணை நிற்க நான் ஒருமுறை நீதிமன்றம் போனேன். இரண்டு ஆட்பிணை கேட்டிருந்தார்கள். ஒன்று நான், மற்றது அவனுடைய மாமா. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பிணையாளர் இன்ன இடத்தில் குடியிருக்கிறார் என்று விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கடிதம் எடுத்து வரவேண்டும். என்னுடையது சரி. மாமாவின் கடிதத்தில் திகதி பழசு.

"ஐயா, இது போன வருசக் கடிதம். புதுசு எடுத்துக்கொண்டு வாங்கோ."

"தம்பி, விதானையார் இண்டைக்குக் கூட்டத்துக்குப் போட்டார். திங்கள்தான் வருவார்."

"அப்ப திங்கள் வாங்கோ."

யார் மேலும் குறை சொல்ல முடியாது. எழுதுவினைஞர் விதிப்படிதான் கதைத்தார், மரியாதையாகவும் கதைத்தார். ஆனால் நீதவான் 'போகலாம்' என்று சொன்ன பையன் மூன்று இரவு கூடுதலாக உள்ளே இருந்தான். அவன் தாய் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தார், வெளியே வந்ததும் சாப்பிடட்டும் என்று. மரத்துக்குக் கீழே இருந்து அதை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கமறியல் கைதி சொந்த உடுப்புப் போடலாம், வீட்டுச் சாப்பாடு வாங்கலாம் என்பது சட்டம் தருகிற சலுகை. தீர்ப்புப் பெற்றவனிடமிருந்து அவனை வேறுபடுத்தத்தான் அது. ஊர் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. "மறியலுக்குப் போனவன்" என்ற பெயர் முதல் நாளே விழுந்துவிட்டது. அவன் வேலை பார்த்த கடை முதலாளியும் அதைத்தான் சொன்னார்.

தீர்ப்புப் பெற்று உள்ளே போகிறவர்களின் கணக்கு இன்னும் விசித்திரம். வருடா வருடம் தண்டனைக் கைதிகளாக உள்ளே போவோரில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். நீதிமன்றம் அவர்களுக்கு விதித்தது காசு. காசு இல்லாவிட்டால் இத்தனை மாதம் என்று பக்கத்தில் ஒரு வரி இருக்கும். கசிப்புக் காய்ச்சியவருக்கும் அனுமதியில்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதிக்கும் அந்த வரிதான் தண்டனை. மணல் யாருக்குப் போனதோ அவர் கட்டியிருந்தால் சாரதி வீட்டுக்குப் போயிருப்பார். மார்கோ போலோவின் வட்டம் அப்படியே இருக்கிறது. அரசன் மட்டும் இப்போது அதற்குள் நிற்பதில்லை. வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் பொதுமன்னிப்பில் சில நூறு பேரை விடுகிறார்களே, அதில் பெரும்பாலும் இவர்கள்தான். மன்னிப்பு என்ற சொல் எனக்கு இங்கே இடிக்கிறது. காசில்லாமல் இருந்ததற்கா மன்னிப்பு?

இதற்கு மாற்று எழுத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. சின்னக் குற்றம் செய்தவர் மறியலுக்குப் போகாமல், மேற்பார்வையின் கீழ் ஊருக்கு வேலை செய்து தண்டனையைக் கழிக்கலாம். வாய்க்கால் துப்புரவாக்குவது, பொதுக் கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது என்று. ஆனால் பத்திரிகை எழுதுவதும் ஊர் கேட்பதும் 'உள்ளே போட்டாச்சு' என்ற செய்தியைத்தான்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் காத்திருப்பை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. அதோடு முடியாது, வழக்கு முடியும் வரை விளக்கமறியல் தொடரலாம். சாதாரணச் சட்டத்தில், 1895இன் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. பொலிஸ் நிலையத்தில் ஒப்புதல் எப்படி வாங்கப்படும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவி பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்தால் செல்லும். இந்தச் சட்டத்தில் மாட்டிய சிங்கராசா என்ற தமிழரின் வழக்கில் சிங்களத்தில் எழுதிய ஒப்புதலில் இருந்தது அவரது பெருவிரல் அடையாளம். அதை வைத்தே 1995இல் 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவருக்குச் சார்பாகச் சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1799இல் சித்திரவதையைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள் என்று மேலே எழுதினேன். பின்கதவு 1979இல் திறந்தது.

அந்தச் சட்டத்தில் உள்ளே போனவரின் வீட்டுக்கும் தண்டனைதான். 2018இல் கிளிநொச்சியில் ஆயுள் கைதி ஒருவரை மனைவியின் செத்தவீட்டுக்குச் சில மணிநேரம் கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகும்போது அவருடைய சின்ன மகளும் தகப்பனோடு சிறைச்சாலை வண்டியில் ஏறிவிட்டாள். அந்தப் படம் எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. பிறகு மனு, கையெழுத்து, வாக்குறுதி.

மரணதண்டனை இன்னொரு நீண்ட காத்திருப்பு. இலங்கையில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1976 ஜூனில். ஆனால் தீர்ப்பு மட்டும் நிற்கவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவுப் பாடசாலை மாணவி கொல்லப்பட்டபோது ஊரே கொதித்தது. 20ஆம் திகதி யாழ். நீதிமன்ற வளாகம் தாக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். குற்றவாளியைத் தூக்கில் போடு என்று கத்தப் போனவர்கள் முதலில் விளக்கமறியலுக்குப் போனார்கள். 2017 செப்டெம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு மன்று ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. மரணதண்டனைத் தீர்ப்பென்றால் விளக்கை அணைத்தார்கள், பேனாவை முறித்தார்கள் என்று செய்தியில் வரும். அந்தச் சடங்கை ஊரே கதைக்கும். பேனா முறிந்ததோடு சரி. நாட்டில் அப்படித் தீர்ப்புப் பெற்ற நூற்றுக்கணக்கானோர் தூக்கும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் இருக்கிறார்கள். 2019இல் நான்கு பேருக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

மூன்று இரவு காத்திருந்து வெளியே வருவது ஒன்று. வராமலே போவது இன்னொன்று. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் களவுச் சந்தேகத்தில் பிடித்த இளைஞர் ஒருவர் விளக்கமறியலில் இருந்தபடியே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இறந்தார். தன்னைக் கட்டித் தொங்கவிட்டு அடித்ததாக அவரே சொல்லும் காணொளி வெளியே வந்தது. பொலிஸார் சிலர் கைதானார்கள். அவர்களுக்கும் நீதவான் விளக்கமறியல் உத்தரவுதான் போட்டார். பத்திரிகையில் அதே வசனம்.

எங்கள் பையன் அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் வெளியே வந்தான். மாமா புதுக் கடிதத்தோடு காலை எட்டு மணிக்கே போய் நின்றார். அடிபாட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. சட்ட வைத்திய அறிக்கை வந்து சேரவில்லையாம். தவணைக்குத் தவணை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, துவைத்த வெள்ளைச் சேட்டோடு போய் நிற்கிறான். பெயரைக் கூப்பிட எடுப்பது அரை நிமிடம். அடுத்த தவணை கார்த்திகையில்.